பதினோரு கிண்ணங்கள்

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு முப்பத்து நான்கு. இதென்ன தலைகீழாக இருக்கிறதே என்று நினைப்பவர்கள், ஐயாயிரம் மீட்டர் உயரத்துக்கு ஒரு தடவை போய் வந்துவிட்டுப் பேசட்டும். அங்கே யாருக்கு மூச்சு இருக்கிறதோ அவர்தான் பெரியவர்.

சீடரின் பெயர் சென்னியப்பன். கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். ஒரு நூல் பிசகினாலும் சரக்கைத் தூக்கி மூலையில் கடாசிவிட்டு முதலிலிருந்து கடையச் சொல்கிற ஆள். வெள்ளியங்கிரி ஏழு மலையையும் இருபத்திரண்டு தடவை ஏறி இறங்கியவர். பிற்பாடு அது போதாமல் வடக்கே பனிமலைகளுக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

குருவின் பெயர் யாங்ஜி. எவரெஸ்ட் பக்கத்து மலைகளில் லுங்சா என்ற சிற்றூரைச் சேர்ந்த ஷெர்பாப் பெண்மணி. மலையேறிகளுக்கு வழிகாட்டி. கல்யாணமான புதிதில் அவரும் கணவர் மிங்மாவும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தார்கள். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து கற்ற தமிழ் என்பதால் அதில் கொங்கு மணம் தூக்கலாக இருக்கும். சுற்றிலும் வெள்ளை மலைகள் நிற்க, அந்த அம்மாள் "வாங்கண்ணா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டபோது சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

முதல் நாள் அவர் யாங்ஜியை "அம்மிணி" என்று கூப்பிட்டார்.

"அப்படிக் கூப்பிடாதீங்கண்ணா. கம்பெனில அப்படித்தான் கூப்புடுவாங்க. மெஷின் சத்தம் கேக்குதுங்க" என்றார் யாங்ஜி.

அந்த ஊரில் எல்லோரும் அவரைத் திதி என்பார்கள். அக்கா என்று அர்த்தம். சென்னியப்பனும் வயதை மறந்துவிட்டு அப்படியே கூப்பிடத் தொடங்கினார்.

அவர் வந்தது திட்டம் போட. வரும் அக்டோபரில் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு சோர்பு கணவாயைக் கடக்க வேண்டும். ஐயாயிரத்து நானூறு மீட்டர். அதற்கு ஆறு மாதம் முன்பே தனியாக வந்து, பாதையைப் பார்த்து, யாங்ஜியிடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அடுப்படியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். இடது ஓரத்தில் பதினோரு பெயர்கள். பெயருக்கு நேராகக் காலையிலும் சாயங்காலமும் விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்ஸிஜன் அளவு, நாடித் துடிப்பு, தலைவலி உண்டா இல்லையா, சாப்பாடு இறங்கியதா, தூக்கம் வந்ததா. பன்னிரண்டு நாளுக்கும் கட்டம் இருந்தது.

யாங்ஜி உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"எப்படி இருக்குதுங்க திதி?"

"கோடெல்லாம் நேரா இருக்குதுங்க."

"வேற ஒண்ணும் தோணலீங்களா?"

"முதல்ல இருக்கற பேரு யாருங்க?"

"தாரணி. நான் பெத்த பொண்ணுங்க. இருபத்தாறு வயசு." சென்னியப்பன் நோட்டை மூடினார். "கூட்டிட்டுப் போகாட்டி வேற கும்பலோட போயிருவேன்னு நிக்கறாளுங்க. கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருக்கறதுக்கு, கண்ணு முன்னால இருக்கட்டுமுன்னு பேரைச் சேத்துட்டேன். சேத்துன நாள்லயிருந்து எனக்குச் சோறு இறங்கறதில்லீங்க."

யாங்ஜி தலையாட்டினார். கிழங்கு உரிப்பது நிற்கவில்லை.

"நாச்சிமுத்து கதையை உங்களுக்குச் சொல்லலீங்க" என்றார் சென்னியப்பன்.

நாச்சிமுத்து அவருடைய பால்ய சிநேகிதர். உக்கடத்தில் பாத்திரக்கடை. இரண்டு வருடத்துக்கு முன்னால் வடக்கே ஒரு மலைக்குச் சென்னியப்பன் கூட்டிக்கொண்டு போன குழுவில் அவரும் இருந்தார். நாலாயிரத்து அறுநூறு மீட்டரில் கூடாரம். சாயங்காலம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்திருக்கவில்லை. உயரம் ஒத்துக்கொள்ளாமல் மூளையில் நீர் கோத்துக்கொண்டதாகப் பிறகு டாக்டர்கள் சொன்னார்கள்.

"அவன் மறைச்சுட்டானுங்க திதி. தலைவலி இருந்திருக்கோணும், கண்டிப்பா இருந்திருக்கோணும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே தோள்ல தூக்கிப் போட்டுட்டு இறங்கியிருப்பேன். சொல்லலீங்க. மறைச்சுட்டான்."

நாச்சிமுத்துவின் மனைவியிடம், போலீஸிடம், நண்பர்களிடம், தூக்கம் வராதபோது தனக்குத்தானே என்று பல தடவை சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சு கடைசல் பிடித்தது போல வழவழப்பாகியிருந்தது.

"அதுக்குத்தானுங்க இந்தக் கட்டமெல்லாம். ஆனா கட்டத்துல பொய் எழுதினா? மனுசன் வாயைத் தொறந்து சொல்லாட்டி? மறைக்கறவங்களை எப்படிங்க திதி கண்டுபிடிக்கறது? அதை மட்டும் எனக்குச் சொல்லிக் குடுத்துருங்க. அது தெரிஞ்சாத்தான் என்ற பொண்ணைக் கூட்டிட்டு வருவேன்."

யாங்ஜி கடைசிக் கிழங்கையும் உரித்துத் தண்ணீரில் போட்டார்.

"கணவாய் வரைக்கும் ஒருக்கா போய்ட்டு வந்துருலாமுங்க. நாம ரெண்டு பேரும் மட்டும்."

"அப்பறம் சொல்வீங்களா?"

"போய்ட்டு வரலாமுங்க."

சொல்லிவிட்டுக் கிழங்குப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார்.

மறுநாள் காலையில் மிங்மா வாசலில் மலைச்செடியின் தழையைப் போட்டுப் புகை போட்டார். சாம்பிராணி மாதிரி ஒரு வாசனை. இருவர் கழுத்திலும் வழியனுப்புகிற வெள்ளைத் துணி போட்டுவிட்டார். யாங்ஜி உள்ளே போய் இரண்டு மரக்கிண்ணங்களை எடுத்து, உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த டீயை விளிம்பு வரை ஊற்றினார். சென்னியப்பன் கையை நீட்டினார். யாங்ஜி தரவில்லை. இரண்டு கிண்ணங்களையும் தட்டால் மூடி, ஜன்னல் மேல் இருந்த பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"யாருக்குங்க இது?"

"நமக்குத்தானுங்க. வந்து குடிக்கறதுக்கு."

"வர்றதுக்கு ஒரு வாரம் ஆகுமே. ஆறிப்போகாதுங்களா?"

"ஆறுன டீயைக் குடிக்க வந்தாப் போதுமுங்க. எங்க வூட்டு வழக்கம். போறவங்க எத்தனை பேரோ அத்தனை கிண்ணம்."

சென்னியப்பன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்த்தார். மூடி வைத்த அந்த இரண்டு கிண்ணங்களும் பலகையில் அப்படியே இருந்தன.

இரண்டு நாள் நடை சௌகரியமாகத்தான் இருந்தது. பாதையில் மந்திரம் செதுக்கிய கற்சுவர்கள் வந்தபோதெல்லாம் யாங்ஜி அவற்றை வலப்பக்கம் விட்டு நடந்தார். நம்மூரில் கோயிலைச் சுற்றுவது போலத்தான் என்று சென்னியப்பனும் அப்படியே நடந்தார். உருளைக்கிழங்கு அடை, உருளைக்கிழங்கு குழம்பு, உருளைக்கிழங்கு அவியல் என்று மூன்று வேளையும் கிழங்காகவே போயிற்று.

மூன்றாம் நாள் மரங்கள் தீர்ந்துபோயின. நான்காம் நாள் ஒரு மேட்டில் ஏறியதும் வரிசையாகக் கற்குவியல்கள் நின்றன. மேலே கொடித்துணிகள் கிழிந்து தொங்கின. மலையில் இறந்துபோனவர்களுக்காக வைத்தவை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சில கற்களில் பெயர் இருந்தது. சென்னியப்பன் குனிந்த தலை நிமிராமல் நடந்தார். எண்ண வேண்டாம் என்று நினைத்தபடியே எண்ணினார். பதினேழுக்கு மேல் பயந்து நிறுத்திவிட்டார்.

அதைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் தலைவலி ஆரம்பித்தது.

இடது புருவத்துக்கு மேலே ஒரு திருகாணியை வைத்து யாரோ அரைச் சுற்று முடுக்கியது போல இருந்தது. பத்து அடி நடந்தால் இன்னொரு அரைச் சுற்று. நின்றார். தண்ணீர் குடித்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த யாங்ஜி திரும்பிப் பார்த்தார்.

"என்னங்கண்ணா?"

"ஷூ கயிறுங்க. அவுந்துபோச்சு."

கயிறு அவிழவில்லை. குனிந்து அவிழ்த்து மறுபடி கட்டினார். குனிந்ததில் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். சொன்னால்? இந்த ஆளுக்கே தாங்கவில்லை, இவர் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம் என்று நினைப்பார். கூட்டத்துக்கு முன்னால் நடக்கிறவனுக்குத் தலைவலி வரக் கூடாது. வந்தாலும் வரக் கூடாது. பையில் கை விட்டு மாத்திரை ஒன்றை உள்ளங்கையில் மறைத்து எடுத்து, யாங்ஜி அந்தப்பக்கம் பார்த்தபோது வாயில் போட்டுக்கொண்டார்.

பயம் அப்போதுதான் முழுசாக வந்து உட்கார்ந்தது. சுற்றிலும் கல், பனி, காற்று. எங்கேயோ ஒரு பனிச்சரிவு இடிந்து விழுகிற சத்தம் கேட்டது. அடங்க வெகு நேரம் ஆயிற்று. நாச்சிமுத்துவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்குமா? இதே இடத்திலா, புருவத்துக்கு மேலேயா? தன் மூச்சை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நடந்தார். எண்ணிக்கை தப்பியபோதெல்லாம் வியர்த்தது.

நாலு மணிக்குக் கணவாயின் அடிவாரத்து விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது மீட்டர். கல் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே ஒரு கூடம். நடுவில் யாக் என்கிற சடைமாட்டின் சாணி வறட்டி எரிகிற இரும்பு அடுப்பு. போலந்து நாட்டுக் கணவன் மனைவி இருவர் ஒரு பெஞ்சில். அவர்களுடைய வழிகாட்டி ஆங் புர்பா ஆறடி உயரத்தில் இன்னொரு பெஞ்சை அடைத்துக்கொண்டு. சுமை தூக்கி வந்த நாலு பேர் அடுப்பை ஒட்டி.

"மீட்டரைக் குடுங்கண்ணா. பாத்துருலாம்" என்றார் யாங்ஜி.

விரல் சில்லிட்டிருந்தால் அளவு குறைத்துக் காட்டும் என்று சென்னியப்பனுக்குத் தெரியும். பத்து மூச்சை இழுத்து விட்டால் கொஞ்ச நேரம் ஏற்றிக் காட்டும் என்றும் தெரியும். பிறர் அந்தத் தில்லுமுல்லைச் செய்தால் கண்டுபிடிப்பதற்காகக் கற்றுக்கொண்டது. சுடு தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஆழமாகப் பத்து மூச்சு இழுத்தார். பிறகு மாட்டினார்.

"எண்பத்தாறு. நல்லா இருக்குதுங்க" என்றார்.

"எழுதிக்கலீங்களா?"

"எனக்கு எதுக்குங்க? நோட்டு வர்றவங்களுக்கு."

யாங்ஜி சரி என்று சொல்லிவிட்டுச் சூப் வாங்கப் போனார்.

அந்த இரவைப் பற்றிச் சொல்லாமல் விடுவதுதான் சென்னியப்பனுக்குச் செய்கிற மரியாதை. விடிந்தபோது எழுந்திருந்தார், அவ்வளவுதான்.

வெளியே வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. காற்றில்லை. கணவாய் கைக்கெட்டுகிற தூரத்தில் வெளுத்து நின்றது. மூன்று மணி நேர நடை. இதைவிட நல்ல நாள் ஒரு வருடத்தில் நாலு தடவை கிடைத்தால் பெரிசு என்று ஆங் புர்பா சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். சுமைகள் கட்டி வாசலில் வைத்தாயிற்று.

யாங்ஜி கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தலை வலிக்குது. நான் இறங்கப் போறேன்" என்றார்.

அதை முதலில் அவர்கள் பாஷையில் சொன்னார். பிறகு இங்கிலீஷில். பிறகு சென்னியப்பனைப் பார்த்துத் தமிழில். கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. அந்தக் கணவாயை யாங்ஜி நாற்பது தடவைக்கு மேல் கடந்தவர் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆங் புர்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உனக்கா? போ, போய்ப் பனியன் தை!"

சுமைக்காரர்களும் சிரித்தார்கள். யாங்ஜியின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்காமல், பேச்சை மாற்றாமல், அப்படியே உட்கார்ந்திருந்தார். சென்னியப்பனுக்கு அவரைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வழிகாட்டியாக இருந்துகொண்டு இதை இத்தனை பேர் முன்னால் சொல்வார்களா?

சிரிப்பு அடங்கியது. போலந்துப் பெண்மணி கரண்டியை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"எனக்கும்தான்" என்றார். "நேற்று முதல்."

அவர் கணவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீ இவ்வளவு சந்தோஷமாக இருந்தாயே."

அடுப்பு ஓரமாக இருந்த சுமைக்காரர் ஒருவர், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், தரையைப் பார்த்தபடி கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல அரைக்கை.

ஆங் புர்பாவின் முகம் மாறியது. எழுந்து போய் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"எப்போதிலிருந்து?"

"முந்தாநாள்."

"எழுந்திரு. இந்தப் பலகை மேல் நட. குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நட."

அந்த மனிதர் எழுந்தார். ஒரு அடி வைத்தார். இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் குடித்தவர் போல ஒரு பக்கமாகச் சரிந்தார். ஆங் புர்பா பாய்ந்து பிடித்துக்கொண்டார். வாசலில் அந்த மனிதர் தூக்க வேண்டிய முப்பது கிலோ மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

அடுப்பில் வறட்டி வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

யாங்ஜி சென்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எப்படிங்கண்ணா இருக்குது?"

கூடம் முழுக்க அவரைப் பார்த்தது. திருகாணி இன்னொரு சுற்று முடுக்கியது. கண் முன்னால் புள்ளி புள்ளியாகப் பறந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் சென்னியப்பன்.

சொல்லி முடித்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே வார்த்தைகளை, இதே குரலில், அவர் முன்பும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

பத்து நிமிடத்தில் இறங்க ஆரம்பித்தார்கள். சரிந்து விழுந்த சுமைக்காரரை ஆங் புர்பா தன் முதுகில் கட்டிக்கொண்டார். போலந்துக்காரர்கள் பின்னால் வந்தார்கள். சென்னியப்பன் ஒரு தடவை திரும்பிக் கணவாயைப் பார்த்தார். இத்தனை தூரம் வந்து, இப்படி ஒரு நாளில், கிட்டே போகாமல் திரும்புவதற்கு மனசு கேட்கவில்லை. கால்கள் மட்டும் யாரும் சொல்லாமலே வேகமாக இறங்கின.

கற்குவியல்களைத் தாண்டினார்கள். மத்தியானத்தில் முதல் புதர்கள் வந்தன. பிறகு ஓடைச் சத்தம். முதுகில் இருந்தவர் தலையைத் தூக்கித் தண்ணீர் கேட்டார். அவரை அங்கிருந்த சிறிய ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, யாங்ஜியும் சென்னியப்பனும் மட்டும் ஓடைக்கரையில் உட்கார்ந்தார்கள்.

தலைவலி போய்விட்டிருந்தது. எப்போது போனது என்று சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. திருகாணி இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் யாங்ஜி கால்களை நீட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"திதி, உங்க தலைவலி எங்கீங்க போச்சு?"

"உங்க தலைவலி போன எடத்துக்குத்தானுங்க."

சென்னியப்பன் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. ஐம்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை அழுவதை யாங்ஜி பார்க்காதது போல இருந்தார்.

"அவன் என்கிட்ட கேட்டானுங்க" என்றார் சென்னியப்பன்.

யாங்ஜி பாட்டை நிறுத்தினார்.

"அன்னிக்குச் சாயங்காலம். கூடாரத்துல. 'சென்னி, உனக்கு எப்படிடா இருக்குது?'ன்னு கேட்டான். எனக்கு மண்டை பொளந்துட்டு இருந்துதுங்க. நெசமாலும் பொளந்துட்டு இருந்துது. 'எனக்கு ஒண்ணுமில்லடா'ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்ற மூஞ்சியவே பாத்தான். அப்பறம், 'எனக்கும் ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிப்போட்டுப் போத்திப் படுத்துட்டான்."

ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

"அவன் சம்சாரத்துகிட்ட, 'மறைச்சுட்டாம்மா'ன்னு சொன்னேனுங்க. ரெண்டு வருசமா அதையேதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கறேன்."

யாங்ஜி ஆறுதல் சொல்லவில்லை. நீ குற்றவாளி என்றும் சொல்லவில்லை. பையிலிருந்து அவித்த உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டு, பாதியை அவர் கையில் வைத்தார். சென்னியப்பன் அதைத் தின்றார். பல நாளுக்குப் பிறகு ஒரு கவளம் தொண்டையில் இறங்கியது.

இரண்டு நாள் கழித்து லுங்சா வந்து சேர்ந்தார்கள். மிங்மா வாசலில் கிழங்கு விதைத்துக்கொண்டிருந்தார். கணவாய் வரைக்கும் போனீர்களா என்று அவர் கேட்கவில்லை. இரண்டு பேரையும் பார்த்தார், மண் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் விசாரணை அவ்வளவுதான்.

ஜன்னல் பலகையில் இரண்டு கிண்ணங்களும் வைத்தபடி இருந்தன. யாங்ஜி தட்டை எடுத்தார். டீயின் மேல் வெண்ணெய் வெளுத்து உறைந்து கிடந்தது. விரலால் ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தார். சென்னியப்பனும் குடித்தார். உப்பும் புளிப்பும் சில்லிப்புமாக வாய்க்கு விளங்காத டீ. மீதியை வெளியே கொட்டச் சொன்னார் யாங்ஜி; சென்னியப்பன் வேண்டாம் என்று கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டார். அதை விடுவதற்கு அவருக்கு மனசில்லை.

"அக்டோபர்ல வருவீங்களா அண்ணா?"

"பயமா இருக்குதுங்க."

"இருக்கட்டுமுங்க. வருவீங்களா?"

சென்னியப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தாரணியின் முகம் நினைவுக்கு வந்தது. கேட்டால் அவளும் ஒண்ணுமில்லப்பா என்றுதான் சொல்வாள். அவர் பெற்ற பெண் வேறெப்படிச் சொல்வாள்?

"வருவேனுங்க."

யாங்ஜி மூலையிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே வைக்கோலுக்கு நடுவில் மரக்கிண்ணங்கள்.

"அத்தனை பேருக்கும் கிண்ணம் போதுமான்னு பாத்துக்கறேன். பேரைப் படிங்கண்ணா."

சென்னியப்பன் நோட்டைப் பிரித்தார். "தாரணி" என்றார். யாங்ஜி ஒரு கிண்ணத்தைத் துடைத்துத் தரையில் வைத்தார். அடுத்த பெயர். அடுத்த கிண்ணம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கிண்ணம் அடுப்பு ஓரமாக வரிசையில் போய் உட்கார்ந்தது. சென்னியப்பன் ஒன்றைக்கூட விடாமல் நிதானமாகப் படித்தார். விரல் விட்டுச் சரிபார்த்தார்.

"பதினொண்ணு. சரியா இருக்குதுங்க."

பெட்டிக்குள் இன்னும் கிண்ணங்கள் இருந்தன. யாங்ஜி பெட்டியை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த வரிசையைப் பார்க்கப் பார்க்கச் சென்னியப்பனுக்குப் பழைய பயம் மறுபடி கிளம்பியது. பதினோரு கிண்ணம் மூடி வைத்துவிட்டுப் போய், ஒன்று மட்டும் திறக்க ஆளில்லாமல் இந்தப் பலகையிலேயே நின்றுபோனால்?

"திதி, நான் மொத நாள் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலீங்க."

"என்ன கேட்டீங்கண்ணா?"

"மறைக்கறவங்களை எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

யாங்ஜி தரையிலிருந்த கிண்ணங்களைக் காட்டினார்.

"இந்த வரிசையில யார் இல்லைன்னு பாருங்கண்ணா."

சென்னியப்பன் பார்த்தார். அவருடைய கிண்ணம் அவர் மடியில் இருந்தது.